வான்காவலரும் முப்பத்தாறு கிராமும்

சென்னைக்கு வரும் விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்குவது பைலட்டுகளின் திறமையால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தீர்களானால், பாவம் நீங்கள். தண்டையார்பேட்டை சுடலைராஜ் அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதால்தான் அவை இறங்குகின்றன. அவருக்கு ஒரு நாள் கழுத்துச் சுளுக்கினால் மீனம்பாக்கத்துக்கே பூட்டுதான்.

இந்த இனத்துக்கு வான்காவலர் என்று பெயர். யாரும் நியமிப்பதில்லை. ட்ரோன் விதிகளைச் செல்போனில் ஒரே ஒரு முறை படித்தால் போதும், ஆள் முளைத்துவிடுவார். விமான நிலையத்தைச் சுற்றிச் சிவப்பு, மஞ்சள், அப்புறம் பச்சை என்று வண்ணம் பூசிய வரைபடத்தை டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், சாத்தாங்காட்டில் தன் கடைக்கு இரும்பு வாங்க வந்தவரிடம், சாவு வீட்டில் கூட விரித்துக் காட்டுவார். பறப்பது எதுவானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கிராமு?"

புறா வளர்க்கும் ஷாகுல் ஹமீதையும் விடவில்லை.

"பாய், உம்ம புறா முந்நூறுக்கு மேல வரும். பதிவு நம்பர் இருக்காவே?"

"கீது அண்ணாச்சி. கால்ல வளையம் மாட்டிகீறேன். எறங்கறப்போ நீயே படிச்சுக்கோ."

அண்ணாச்சியுடையது முப்பது வருடம் இரும்பு விற்ற கையாம். எதைத் தூக்கினாலும் எடை சொல்லுமாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

போன மாதம் மாத்தூர் மண்டபத்தில் அவர் தங்கை மகள் ராமசெல்விக்குக் கல்யாணம். படம் எடுக்க வந்தவன் அசோகன். அவனுக்கு முதல் ஆர்டர். மேலேயிருந்து படம் எடுக்காவிட்டால் நீ வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்ததால், பைக்கை விற்று ட்ரோன் வாங்கியிருந்தான்.

"எத்தனை கிராமு?"

"இருநூத்தி நாப்பத்தொம்போது அண்ணாச்சி. பொட்டிலயே போட்டுகீது. எடமும் பச்சைதான், பாத்துட்டேன்."

அண்ணாச்சி ட்ரோனை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். "இருநூத்தி எம்பத்தஞ்சு."

மண்டபமே சிரித்தது. சமையற்கட்டிலிருந்து தராசு வந்தது. இருநூற்று எண்பத்தைந்து.

சிரிப்பு நின்றது. இருநூற்றைம்பதைத் தாண்டினால் ஓட்டுகிறவனுக்குச் சான்றிதழ் வேண்டும். அசோகனிடம் ஏது? ட்ரோனின் வயிற்றில் தொங்கியது, கூடவே வந்திருந்த அவன் அம்மா அங்கம்மா திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்.

"அதை அவுருங்கம்மா" என்றார் அண்ணாச்சி.

"அவுத்துட்டு, கண்ணு பட்டு வுழுந்துச்சுன்னா? நீயா நைனா பொறுப்பு? வண்டிய வித்து வாங்கிகீறான் புள்ள!"

அசோகன் அழுதுவிடுவான் போலிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அண்ணாச்சி பார்த்துப் பார்த்து, கடைசியில் தானே பழத்தை அவிழ்த்தார்.

"யம்மா, பழம் அதுக்குக் கீழதான இருக்கணும்? என் கையில இருக்கும். படுற கண்ணு என்மேல படட்டும்."

ட்ரோன் பறந்தது. வேகாத வெயிலில், அது போன பக்கமெல்லாம், பட்டு வேட்டி காலைத் தடுக்கத் தடுக்க, பழத்தை உயர்த்திப் பிடித்தபடி அண்ணாச்சி கீழே ஓடினார். இன்றும் ஆல்பத்தைப் பாருங்கள்: பக்கத்துக்குப் பக்கம் மணமக்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு கை, கையில் ஒரு எலுமிச்சை.

சிரிக்கிறீர்களா? ஜாக்கிரதை, இது தொற்று வியாதி. நாளைக்கு உங்கள் மொட்டைமாடிக்கு மேல் ஏதோ ரீங்கரித்தால், வாயிலிருந்து முதலில் என்ன கேள்வி வரும் என்று உங்களுக்கே தெரியாது. இதை எழுதுகிறவனுக்கு மட்டும் அந்தப் பயம் கிடையாது.

அந்தப் பயமில்லாமல்தான் அவன் அன்று அந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சி மூச்சு வாங்க வந்து பக்கத்து இலையில் அமர்ந்து, "இதைப் பிடிலே" என்று பழத்தை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"முப்பத்தாறு" என்றது அவன் வாய்.

அண்ணாச்சி இலையிலிருந்து நிமிராமல் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுல்லா சொல்லுத. எத்தனை நாளாலே பழகுத?"