நிகிதாவுக்கு வளையல்

ஒருவருடைய பெயரைக் கேட்டதுமே அவருக்கு முகம், முடி, உடை எல்லாம் நாமே மாட்டிவிடுவோம். நான் இன்னும் ஒரு படி மேலே போய், வளையலே மாட்டப் பார்த்தேன்.

எங்கள் ஐடி கம்பெனியின் ரஷ்யக் கிளையில் நிகிதா இருந்தார். கேமராவும் கிடையாது, குரலும் கிடையாது; எல்லாமே சாட்டில்தான். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நிகிதா, என் பல் டாக்டர் நிகிதா. எனக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?

கர்ப்பமானதும் வாந்தி, வீங்கிய கால், கொக்கி போட முடியாத ரவிக்கை என்று ஒன்று விடாமல் நிகிதாவிடம் புலம்பினேன். (மாமியார் குழம்பில் அள்ளிப் போடும் உப்பு உட்பட.) "பாவம் நீ, இஞ்சி டீ குடி" என்று ஆறுதலாகப் பதில் வரும்.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வருவதாக நிகிதா எழுதியதும், செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வளைகாப்புக்கு அழைத்துவிட்டேன். "வெள்ளைக்காரப் பொண்ணு, கை மெல்லிசா இருக்கும்" என்று அத்தை, அதாவது என் மாமியார், சின்ன அளவில் கண்ணாடி வளையல் வாங்கினார். மல்லிகைச் சரமும் தயார்.

கூடம் நிறையப் பெண்கள். கன்னத்தில் சந்தனத்தோடு நான் மணையில். வாசலில் ஆட்டோ நின்றது. ஆறடிக்கு மேல் உயரம், மார்பு வரை தாடி, கையில் கேக் பெட்டி.

"நான்தான் நிகிதா" என்றார் வந்தவர்.

கடவுளே, ரவிக்கை.

"இன்னாம்மா, பொண்ணுன்னு சொன்ன?" என்று அத்தை என் காதில் கேட்டார்.

என் கணவர் சரவணன் ஓடிவந்து அவருடைய ஆங்கிலத்தை எல்லாருக்கும் மொழிபெயர்த்தார். ரஷ்யாவில் அது காலங்காலமாகப் பையன்களுக்கு வைக்கும் பெயராம். கிரேக்கத்திலிருந்து வந்ததாம். வெல்ல முடியாதவன் என்று அர்த்தமாம்.

"அப்புறம் நான் எழுதினதையெல்லாம் ஏன் தடுக்கலை?" என்று முனகினேன்.

"உங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நினைத்தேன்" என்றார் நிகிதா. பிறகு அத்தையைப் பார்த்து அன்போடு கைகூப்பினார். "உப்பு அதிகம் போடும் மாமியார் இவர்தானே?"

அதையும் சரவணன் வரி பிசகாமல் மொழிபெயர்த்தார். (அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

அத்தை என்னைப் பார்த்தார்.

"உப்பு ஜாஸ்தின்னா வூட்ல சொல்ல வேண்டியதுதானே, ரஷ்யாவுக்கு எதுக்குச் சொன்ன?" என்றவர், நிகிதா பக்கம் திரும்பினார். "நீ உக்காரு நைனா. வந்தவன வெறுங்கையோட அனுப்பக் கூடாது."

அத்தை மாட்டப் பார்த்த வளையல் நிகிதாவின் கட்டைவிரலிலேயே சிக்கி உடைந்தது. அத்தை தாடிக்கு மேலே இடம் தேடிச் சந்தனம் பூசினார்.

எனக்குப் பெண் பிறந்தாள். "யாராலயும் ஜெயிக்க முடியாதவன்னா, அது பொண்ணுக்குத்தான் வைக்கணும்" என்று அத்தை பிடிவாதமாக நிகிதா என்றே பெயர் வைத்தார். நான் அனுப்பிய பெயர்சூட்டு விழாப் போட்டோவைப் பார்த்த ரஷ்ய நிகிதாவின் அம்மா, பெண் குழந்தைக்கு ஆண்பிள்ளைப் பெயரா என்று அதிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அந்தச் செய்தி வந்த அன்றுதான் அத்தை என் உப்பு விவகாரத்தை மன்னித்தார். "அப்பாடா, அங்கயும் ஒருத்தி ஏமாந்துகீறா" என்று இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.