மேனேஜர் மேஜைச் செடி

ஈரத்துணியால் துடைத்ததுதான் தாமதம், மேனேஜர் ஜெயக்குமாரின் செடியிலிருந்து நாலைந்து கொழுத்த இலைகள் வேணியின் உள்ளங்கையில் உதிர்ந்தன.

ஆயுத பூஜைக்கு ஆபீஸையே கழுவித் துடைக்கும்போது செடியை மட்டும் தூசியோடு விடலாமா என்று நினைத்தது அவள் குற்றம். அது சக்குலன்ட், இலையிலேயே நீரைத் தேக்கி வைக்கும் செடி. தொட்டால் உதிரும் ஜாதி.

மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் புறப்பட்டபோது ஜெயக்குமார் அதை அவளிடம்தான் ஒப்படைத்திருந்தார்.

"நல்லபடியாப் பாத்துக்குங்க வேணி. வந்ததும் உங்க பர்மனென்ட் விஷயத்தை முடிச்சுடலாம்."

பாலக்கரையில் இருந்த அந்தக் குழாய் கம்பெனிக் கிளையில், காண்டிராக்டிலேயே அவள் இளமை கழிந்துகொண்டிருந்தது. ஒரு தொட்டிச் செடியில் கொண்டுபோய் வாழ்க்கையைக் கட்டுகிறாரே என்று எரிச்சல் வந்தாலும், தலையாட்டினாள்.

"பதறாதீங்கம்மா, ஒடைஞ்ச இலைய மண்ணு மேல வச்சா வேர் விடும்" என்றார் தலை நரைத்த ஆபீஸ் உதவியாளர் பிச்சை.

வைத்தாள். வீட்டுத் துளசிக்கு ஊற்றுவதுபோல் தினமும் ஒரு சொம்பு தண்ணீரும் ஊற்றினாள். இலைகள் கூழாகின.

"இதுக்குப் போயி தண்ணி ஊத்துவாங்களா? வெயில் காட்டுங்கம்மா."

செடியிலிருந்தே இன்னும் கொஞ்சம் இலைகளைக் கிள்ளி, ஸ்ரீரங்கத்து வீட்டு மொட்டைமாடியில் தட்டில் பரப்பினாள். திருச்சி வெயிலில் எல்லாம் சுருண்டன. ஒன்றில் மட்டும் நூல்போல் வேர் எட்டிப் பார்த்தது. வேணிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மாலை மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"மாடியில கெடந்துச்சே, அது என்ன காய் வத்தல்? வறுத்தேன், ஒரே கசப்பு! எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

மறுபடி கிள்ளினாள். மறுபடி காய்ந்தது. ஆபீஸில் செடி மொட்டைத் தண்டாக நின்றது. விடிந்தால் ஜெயக்குமார் வருகிறார். வேறு வழியில்லாமல் ஒரு நர்சரியில் அதே மாதிரிச் செடியை வாங்கிப் பழைய தொட்டியில் நட்டாள்.

"பிரமாதம் வேணி! நான் விட்டுட்டுப் போனதைவிடச் செழிப்பா இருக்கே!"

"சார், என்னோட பர்மனென்ட்..."

"ஹெட் ஆபீசுக்கு எழுதியிருக்கேன். பாப்போம். அதுவரைக்கும் செடி உங்க பொறுப்பு."

வெளியே வந்தவளுக்கு அழுகை முட்டியது. பிச்சை டீயை நீட்டினார்.

"சார் செடிய நான் சாகடிச்சுட்டேண்ணே. இது புதுசு" என்றாள்.

பிச்சை குரலைத் தாழ்த்தினார்.

"சார் செடிய நான் எப்பவோ சாகடிச்சாச்சும்மா. நீங்க சாகடிச்சது நான் வாங்கி வச்சது. எனக்கும் ஹெட் ஆபீசுக்கு எழுதியிருக்காரு."