டாக்டர் கார்

கார் படுத்திருந்தது. அதற்கு முன்னால் அப்பாவும் படுத்திருந்தார்.

காலை ஆறு மணி. முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்த கறுப்பு சொகுசுக் கார், விடிவதற்குள் வயிறு தரையில் இடிக்க இறங்கிக் கிடந்தது. அப்பா தார்ப்பாயைப் பாதி விலக்கி, பனியனோடு குப்புறப் படுத்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திரு ராஜா," என்று காரிடம் கெஞ்சினார். "அவ எழுந்திரிக்கிறதுக்குள்ள எழுந்திரு."

அவ என்றால் அம்மா. அம்மா எழுந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. வாசற்படியில் நின்று டீ குடித்தபடி அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா உதட்டில் விரலை வைத்தாள். சரி, எனக்கென்ன.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது. பள்ளிக்கூடத்தைப் பதினொன்றோடு விட்டதும் அதனால்தான்.

அப்பா தண்ணீர் மோட்டார் மெக்கானிக். ஊரில் எந்த வீட்டு மோட்டார் இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்கூட்டரில் போவார். அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். சொந்த வேன். அதன் இன்ஜின் எந்த மேட்டில் கண்ணை மூடும் என்று தெரியாது. அப்பா தன் பங்கு மனையை விற்றபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "முதல்ல வேனுக்கு இன்ஜின்." அப்பா தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே போய், பன்னிரண்டு வருஷப் பழைய சொகுசுக் காரை வாங்கிவிட்டார்.

காரணம் பெரியப்பா. டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அப்பாவைப் பார்த்தால் வாயில் ஒரே கேள்விதான். "என்ன தம்பி, இன்னும் அந்த ஸ்கூட்டர்தானா?" இருபது வருஷமாக இதே கேள்வி. இப்போது வீட்டுக்கு மாடி கட்டி முடித்து, இன்னும் மூன்று வாரத்தில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அன்றைக்கு அவர் வாசலில் சொந்தக் காரில், தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும். அப்பாவுக்கு வாழ்க்கையில் அதைத் தவிர வேறு ஆசை இல்லை.

காரை விற்ற புரோக்கருக்கு 'ஒரே கை' என்று பேர். ரெண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. எந்த வண்டியைக் காட்டினாலும் "ஒரே கை ஓட்டின வண்டி சார், வேற ஆள் தொட்டதில்ல" என்பார், அவ்வளவுதான். ஆனால் போகும்போது ஒரு நல்ல வார்த்தை சொன்னார். ஒரு ஃபைலைக் கொடுத்து, "விக்கிறவங்க கையெழுத்து எல்லாம் போட்டாச்சு சார். வாங்குறவங்க பேர் மட்டும் காலியா இருக்கு. இன்னைக்கே போய் உங்க பேருக்கு மாத்திடுங்க. இல்லேன்னா எதாவது அபராதம் வந்தா என் தலையில விழும்" என்றார்.

"நாளைக்கே மாத்திடறேன்," என்றார் அப்பா.

அவர் போனதும் என்னிடம் திரும்பினார். "பேர் மாத்தினா புதுப் பதிவுப் புத்தகம் தபால்ல வீட்டுக்கு வரும். தபாலைப் பிரிக்கிறது யாரு?"

"அம்மா."

"அதான். அந்த ஞாயித்துக்கிழமை முடியட்டும்."

ஃபைலைக் கொண்டுபோய், யாரும் தேடாத இடம் என்று டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் வைத்தார். காரைத் தார்ப்பாய் போட்டு மூடினார். வேனோடு வந்த அம்மாவிடம், "தண்ணி டேங்க். ரிப்பேருக்கு வந்திருக்கு" என்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நம்பிவிட்டாள் என்று அப்பா நம்பிவிட்டார்.

இப்போது காலை ஆறு மணிக்கு வருவோம்.

"ஏங்க," என்றாள் அம்மா.

அப்பா டார்ச்சை அணைத்தார்.

"நேத்து அந்த டேங்க் என் நெஞ்சு உசரத்துக்கு இருந்துச்சு. இப்ப இடுப்பு உசரம்தான் இருக்கு. ராத்திரி குளிர்ல சுருங்கிடுச்சா?"

அப்பா எழுந்து பனியனைத் தட்டினார்.

"அது வந்து..."

"டேங்குக்கு எதுக்குங்க நாலு சக்கரம்?"

"டேங்க் இல்ல. கார்."

"அப்படியா? யார் கார்?"

இங்கேதான் அப்பா உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் திட்டு, நாலு நாள் பேச்சுவார்த்தை கிடையாது, அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அப்பாவின் மூளை அவசரத்தில்தான் வேலை செய்யும், அதுவும் தப்பாக.

"டாக்டர் கார்."

"எந்த டாக்டர்?"

"நம்ம டாக்டர்தான். பெரிய வீடு. மோட்டார் மாத்திக் குடுத்தேன்ல? வெளிநாடு போயிருக்காரு. மூணு மாசம். பத்திரமா பார்த்துக்கோன்னு குடுத்துட்டுப் போனாரு."

அம்மா டீயின் கடைசி வாயைக் குடித்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்குப் பொய் வராது, கேட்டால் உளறிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பாள்? ஒரே கையின் மகள் அம்மாவின் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். முந்தின நாள் மாலையே புரோக்கர் வேன் ஜன்னலில் தலையை விட்டு, "உங்க வீட்டுக்காரரை மறக்காம பேர் மாத்தச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டிருந்தார். எனக்கே இது பிறகுதான் தெரியும்.

"அடுத்தவங்க பொருள்," என்றாள் அம்மா. "அதுவும் ஒரு டாக்டர் பொருள். சாவியைக் குடுங்க."

"சாவி எதுக்கு?"

"நீங்க ஸ்கூட்டர் சாவியையே வாரத்துக்கு ரெண்டு தடவை தொலைக்கிறீங்க. நாளைக்கு டாக்டர் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

சாவி அம்மாவின் கைப்பைக்குள் போனது. ஸ்டெப்னிக்கு அடியில் இருக்கும் ஃபைலும் அதோடு போய்விட்டது என்பது அப்பாவுக்கு மத்தியானம்தான் உறைத்தது. அப்போது அவர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் இருந்தார். "அய்யோ" என்று கத்தியதில் அந்த வீட்டுக்காரர் ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து மெயினை அணைத்தாராம்.

மறுநாள் அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"பெரிய காருங்கிறது குழந்தை மாதிரி. தினம் ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போகணும். இல்லேன்னா பேட்டரி இறங்கிடும்."

"ஆமா, இறங்கும்," என்றாள் அம்மா. "நான் போறேன்."

"நான் போறேனே. எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்கே..."

அப்பாவிடம் லைசென்ஸ் உண்டு. லைசென்ஸ் மட்டும்தான் உண்டு. அம்மா சிரிக்கக்கூட இல்லை. காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்ததும், காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போக ஆரம்பித்தாள். அதுவும் காரைப் பற்றி அப்பாவைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு. இதில் ஸ்பிரிங் கிடையாது, நாலு பக்கமும் காற்றுப்பை, அதில் ஒன்று ஒழுகுகிறது, நிறுத்தி வைத்தால் படுத்துவிடும், ஸ்டார்ட் பண்ணினால் பத்து நிமிஷம் கழித்து எழுந்திருக்கும். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை ஓடவிட்டு, தெருமுனையில் திரும்பிப் போவாள். அப்பா கையில் ஸ்பேனரோடு நின்று பார்ப்பார். தன் கார் ஓடும் அழகை அவர் முதன்முதலில் பார்த்தது வெளியில் நின்றுதான்.

"எவ்வளவு சத்தமில்லாம போகுது பாருடி," என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

"போய் உண்மையைச் சொல்லிடுங்கப்பா."

"இப்ப சொன்னா டேங்க்ல ஆரம்பிக்கணுமே."

இதற்கு நடுவில் பெரியப்பாவுக்கு வேறு ஃபோன் பண்ணிவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை கார்ல வர்றேன்."

"யார் கார்ல?"

"என் கார்லண்ணே."

அந்தப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டர் கேள்வி வரவே இல்லை. அப்பா ஃபோனை வைத்துவிட்டு, பல் வலி நின்ற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகுதான் கணக்கு இடித்தது. வீட்டில் இது டாக்டர் கார். பெரியப்பாவிடம் சொந்தக் கார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பெரியப்பாவும் ஒரே பந்தியில் உட்காரப் போகிறார்கள்.

விருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அப்பா குரலில் தேன் ஒழுகியது.

"வாரம் பூரா வேன் ஓட்டுற. நாளைக்கு நீ வீட்டுல படுத்து ரெஸ்ட் எடு. நான் மட்டும் போய்ட்டு வர்றேன்."

"எதுல போவீங்க?"

"டாக்டர் கார் சும்மாத்தானே நிக்குது..."

"நானும் அதைத்தான் நெனைச்சேன். அதான் டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன்."

அப்பா பிடித்திருந்த நாற்காலியை இன்னும் கெட்டியாகப் பிடித்தார்.

"யார்கிட்ட?"

"டாக்டர்கிட்ட. கார்ல அவர் நம்பர் எழுதின அட்டை கெடந்துச்சு. ஃபோன் பண்ணினேன். என்ன ஒரு தங்கமான மனுஷன்!"

"பேசினாரா?"

"கால் மணி நேரம். தாராளமா எடுத்துட்டுப் போங்கம்மா, உங்க கார் மாதிரி நெனைச்சுக்கோங்கன்னாரு. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு."

"என்ன?"

"உங்க வீட்டுக்காரர் கையில மட்டும் ஸ்டியரிங்கைக் குடுத்துடாதீங்கன்னாரு."

இல்லாத டாக்டர் பேசியிருக்கிறார். அப்பா என்ன செய்வார்? அப்படி ஒரு டாக்டரே இல்லை என்று சொல்ல முடியுமா? கடைசியில், "அவர் எப்பவும் அப்படித்தான், கொஞ்சம் ஜாக்கிரதை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஓட்டினாள். நான் முன் சீட்டில். அப்பா புதுச் சட்டையோடு பின் சீட்டில், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரியப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். காரை ஒருமுறை சுற்றி வந்தார். கை முகத்துக்குப் போய் மீசையைத் தடவியது.

"யார் கார் தம்பி இது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"ந... நம்ம கார்தாண்ணே."

"ஆமா மாமா," என்றாள் அம்மா. "நம்ம கார்தான்."

அவ்வளவுதான். அப்பா பலூன் மாதிரி ஊதிவிட்டார். அம்மா தன் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்துவிட்டார். மாடி டைல்ஸை யாரும் பார்க்கவில்லை. சாப்பாடு முழுக்க அப்பாவின் கார்ப் புராணம்தான். சீட் தோல் அப்படி, ஏசி இப்படி, கதவைச் சாத்தினால் சத்தமே வராது. இருபது வருஷத்து ஸ்கூட்டருக்கும் சேர்த்துப் பேசினார்.

சாப்பிட்டு வெளியே வந்தால், கார் படுத்திருந்தது.

"என்ன தம்பி, உக்காந்துடுச்சு?"

"காத்துப்பை ஒழுகுது மாமா," என்றாள் அம்மா. "நிறுத்தினா இறங்கிடும். பெரிய செலவு வைக்கும்."

"அவளுக்கு என்னண்ணே தெரியும்!" அப்பா குறுக்கே பாய்ந்தார். "வேன் ஓட்டுறவளுக்கு இதெல்லாம் புரியாது. பெரிய மனுஷங்க சிரமமில்லாம ஏறணும்னு அதுவே குனிஞ்சு குடுக்குது. மரியாதை!"

பெரியப்பாவின் கண் பளபளத்தது. "தானா குனியுமா?"

"தானா!"

"தம்பி, இதை எனக்குக் குடுத்துடு."

"உசிரைக் கேளுங்கண்ணே, தர்றேன்."

"மாமா," என்றாள் அம்மா, "திரும்பவும் சொல்றேன். ஒழுகுது. மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

"விக்க மனசில்லாம சாக்குச் சொல்றே. எனக்குத் தெரியாதாம்மா?" பெரியப்பா சிரித்தார். "நீ என்ன விலைக்கு வாங்கினே தம்பி? அதுக்கு மேலயே தர்றேன்."

"நான் விக்கலண்ணே! இது என் கார்!"

"விக்கலாம் மாமா," என்றாள் அம்மா.

"ஏய், என்னைக் கேக்காம எப்படி..."

அம்மா கைப்பையைத் திறந்தாள். புதுப் பதிவுப் புத்தகம். ரெண்டு நாள் முன்னால் தபாலில் வந்தது, அம்மாதான் பிரித்தாள். அதை அப்பாவின் கையில் கொடுத்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் அம்மாவின் பேர் இருந்தது. அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். பேர் மாறவில்லை.

"இது என் காருடி," என்றார், காற்றுப்போன குரலில்.

"உங்க காரா?" அம்மா அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "டாக்டர் காருன்னு சொன்னீங்களே. பாவம், வெளிநாட்டுலயே தங்கிடப் போறாராம். எனக்கே குடுத்துட்டாரு."

பெரியப்பா, "தம்பி என்ன முணுமுணுக்கிறான்?" என்று கேட்டார்.

"சந்தோஷத்துல பேச்சு வரல மாமா."

நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். அப்பாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் வேனுக்குப் புது இன்ஜின் வந்தது. பெரியப்பா வீட்டிலிருந்து ஃபோனும் வந்தது. கார் குனிந்துவிட்டதாம், மரியாதை முடிந்தும் நிமிரவில்லையாம். "நீங்கதானே மெக்கானிக், போய்ப் பாருங்க" என்றாள் அம்மா. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். வாசலில் நின்ற பெரியப்பா, பழக்க தோஷத்தில், "இன்னும் அந்த ஸ்கூட்டர்தானா?" என்று கேட்டாராம்.

அப்பா இப்போது என்னிடம்தான் புலம்புகிறார். எங்கே தப்பு நடந்தது, எங்கே தப்பு நடந்தது என்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே கை முதல் நாளே ஒரே ஒரு வேலைதான் சொன்னார். இன்றைக்கே போய் உங்கள் பேருக்கு மாற்றிவிடுங்கள் என்று.

அப்பா மாற்றவில்லை.