ஐந்து மாடிக்கு ஒரு புரோ டெம்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பின் மச்சான் நாகேந்திரம் அறிவது,

இங்கு நானும் உம்முடைய அக்காவும் சுகம். கொட்டாஞ்சேனையில் உம்முடைய முழங்காலும் மற்ற எல்லோரும் சுகமாயிருக்கக் கதிர்காமக் கந்தன் துணை. தொலைபேசியில் கேட்டால் நீர் பதில் சொல்லாமல் இருமித் தப்புவீர் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

எங்கள் தொடர்மாடியின் செயலாளர் கஜீவன் கல்கிசைக்கு வீடு மாறிப் போனபின், நிர்வாகக் குழு என்னை அந்த இடத்துக்குப் போட்டுத் தந்த கடிதத்தில் 'செகிரட்டரி புரோ டெம்' என்றிருந்தது. முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர் என்று உம்மிடம் அர்த்தம் கேட்டேன். "அத்தான், புரோ எண்டு முன்னுக்கு வந்தால் பெரிய இடம். புரோபெசர் மாதிரி" என்றீர். நம்பினேன்.

நம்பியதால், மறுநாளே காலி வீதியில் பெயர்ப்பலகை செய்பவரிடம் போய்ப் பித்தளையில் ஒன்றுக்குச் சொன்னேன், மும்மொழியிலும் வேண்டும் என்றதும் அவர் "தெமளென் கொஹொமத, மாத்தயா?" என்று, தமிழில் எப்படி என்று கேட்க, ஆங்கிலத்தில் கடிதத்தில் உள்ளபடியும் தமிழில் 'மகா செயலாளர்' என்றும் சிங்களத்தில் 'மஹா லேகம்' என்றும் வெட்டச் சொன்னேன், அதை வாசலில் மாட்டியபின் மகா செயலாளர் சும்மா இருக்கலாமா, மூன்று மாதமாக நின்றுபோயிருந்த லிப்டைக் கையில் எடுத்தேன், ஐந்தாம் மாடி இரத்தினம்மாக்கா படி இறங்க முடியாமல் களுபோவிலக் கண் கிளினிக்குக்கு இரண்டு தவணை தவறவிட்டிருந்தார், லிப்ட் கம்பனிக்குப் போய், குடையை மேசையில் வைத்து, "புரோ டெம் வந்திருக்கிறேன்" என்றேன், வரவேற்பில் இருந்த பிள்ளை எழுந்து நின்றது, மனேஜர் கோப்பி வரவழைத்து, புரோ டெம் என்பது வெளிநாட்டுக் கம்பனியோ என்று மெல்லக் கேட்டார், அதைவிட மேலே என்றேன், வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்தார்கள், சனிக்கிழமை லிப்ட் ஓடியது, மூன்றாம் தவணைக்கு இரத்தினம்மாக்காவை நானே கூட்டிக்கொண்டு போனேன்.

நேற்று, மூன்றாம் மாடிச் சட்டத்தரணி ஸீனத் பலகையின் முன் கனநேரம் நின்றார்.

"அங்கிள், கோவிச்சுக்க வாணாம். இது இலத்தீன். வேற ஆளைத் தெரிவுசெய்யிற வரைக்கும், தற்காலிகமா எண்டுதான் அர்த்தம்."

"புரோபெசர் மாதிரி இல்லையோ?"

"இல்ல அங்கிள். லீவுல போன டீச்சருக்குப் பதிலா வாறவங்க மாதிரி."

 பலகையைக் கழற்ற நின்றபோது இரத்தினம்மாக்கா லிப்டில் இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கஜீவன் நிரந்தரமாய் இருந்தவர். லிப்டும் நிரந்தரமாய் நிண்டது" என்றார். "தம்பி, பலகையைக் கழட்டாதேயும்."

கழற்றினேன். மானம் என்று ஒன்று உண்டு. பதவி விலகல் கடிதத்தையும் நிர்வாகக் குழுவிடம் சேர்க்கச் சொல்லி ஸீனத்திடம் கொடுத்துவிட்டேன். ஆகையால், வரும் சனிக்கிழமை உம்முடைய பழைய மாணவர்களைக் கூட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தும் ஏற்பாட்டை உடனே நிறுத்தவும். இனி எந்தச் சொல்லுக்கும் உம்மிடம் அர்த்தம் கேட்பதாக இல்லை.

உம்முடைய மனைவிக்கும் மகள் தாரிகாவுக்கும் எங்கள் ஆசிகள். உமக்கும், அக்கா வற்புறுத்துவதால், ஒன்று.

இப்படிக்கு,
முன்னாள் புரோ டெம்,
முத்துலிங்கம்.

பி.கு.: உறையை ஒட்டமுன் ஸீனத் வந்து விலகல் கடிதத்தைத் திருப்பித் தந்தார். அதை ஏற்கவும் புதியவரைத் தெரிவுசெய்யவும் பொதுக்கூட்டத்தால் மட்டுமே முடியுமாம். பொதுக்கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் செயலாளருக்கு மட்டுமே உண்டாம். நான் கூட்டுவதாக இல்லை. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும்?