கடைசித் தட்டு உடைந்தது உடைந்ததுதான்

மாண்புமிகு மாமா அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மதியம் முதல் தங்களுடனான பேச்சுவார்த்தையை நான் முறித்துக்கொண்டுவிட்டேன். இரவுச் சாப்பாட்டின்போது ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முகத்தை உம்மென்று வைத்திருந்தேன். தாங்களோ அதைக் கவனிக்காமல், "இன்னைக்கு வீடு நிம்மதியா இருக்குல்லக்கா?" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். ஆகவே இதைக் கடிதமாக எழுதித் தங்கள் மாடி அறைக் கதவுக்கு அடியில் தள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளேன். நான் நலம். தங்கள் நலம் அறிய இப்போதைக்கு ஆவல் இல்லை.

துப்பாக்கி கிளப்புக்கு வருகிறேன் என்று நானா கேட்டேன்? தாங்கள்தான், "என் பல் க்ளினிக்குல இருந்து எடுத்துட்டு வந்த பல்செட்டை ஃப்ரிட்ஜுக்குள்ள சிரிக்க வைக்கிறான்க்கா, இவன் கையில உருப்படியா எதையாவது குடுக்கணும்" என்று சொல்லி, உருப்படியான பொருளாகத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தீர்கள். உடனே அம்மா நிபந்தனை போட்டாங்க: "ஒரே ஒரு தட்டையாவது சுட்டு உடைச்சான்னா ஞாயித்துக்கிழமை தோறும் உன்கூட அனுப்புறேன். இல்லேன்னா அன்னைக்கும் கணக்கு மாஸ்டர்தான்." ஒரு தட்டுதானே, சமையலறையில் சுடாமலேயே எத்தனை உடைத்திருக்கிறேன் என்று நானும் தலையை ஆட்டினேன்.

அங்கே போனால் அநியாயம் மாமா! உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சுக் கலர்ல களிமண் தட்டு, அதைப் புதருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற ஒரு மிஷின் விட்டெறியுது. நின்னு சுடுற ஒரு மேடையில இடப்பக்கம் இருந்து வருது, அடுத்த மேடையில தலைக்கு மேல வருது, எங்கிருந்து வரும்னு அதுக்கே தெரியாது போல. "புல்"னு, அதாவது இங்கிலீஷ்ல "இழு"ன்னு, கத்தினாத்தான் விடுவாங்களாம். கத்தினேன். தட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு, நான் சுட்டது புல்லைத்தான். தோள்ல கழுதை உதைச்ச மாதிரி ஒரு இடி. "வலிக்காது மாப்ளே"ன்னு சொன்னீங்களே, பல்லைப் பிடுங்கும்போது சொல்ற அதே குரல்ல, அப்பவே நான் உஷாராகியிருக்கணும். அப்புறம் தரையில உருண்டு ஓடுற ஒரு தட்டு, அதுக்கு முயல்னு பேராம். நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு சாதிக்கலாம்னு பார்த்தா, அதுக்குக் காலும் இல்ல, எனக்கு அது பிடிபடவும் இல்ல. நீங்க பின்னாடி நின்னுக்கிட்டு, "தட்டைச் சுடாதேடா, தட்டு போகப்போற இடத்தைச் சுடு, இப்ப அது இல்லாத இடத்தைச் சுடு"ன்னு உபதேசம். மாமா, காலையில இருந்து தட்டு இல்லாத இடத்தை மட்டும்தானே சுட்டுக்கிட்டு இருந்தேன்! அதுல என்னை மிஞ்ச அந்த கிளப்புல ஆள் உண்டா?

சரி, அதெல்லாம் போகட்டும். கடைசி மேடை, கடைசித் தட்டு. அதுவரைக்கும் ஒண்ணுகூட உடையல. கண்ணு முன்னாடி கணக்கு மாஸ்டர் சாக்பீஸோட நிக்கிறார். "புல்"னு கத்தினேன். "டமார்"னு ஒரு சத்தம், தட்டு தூள் தூள்! துப்பாக்கியை உங்க கையில திணிச்சிட்டு நான் ஆடின ஆட்டத்துக்குப் பக்கத்து மேடைப் பெரியவர் கைகூடத் தட்டினார். நீங்க மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுக்கிட்டு, "அது செல்லாது மாப்ளே. மிஷினை விட்டு வரும்போதே தட்டு தானா உடைஞ்சிடுச்சு. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. விதிப்படி இன்னொரு தட்டு விடுவாங்க, சுடு"ன்னீங்க. நான் ஏன் சுடணும்? உடைஞ்சது உடைஞ்சதுதான்! மானமுள்ளவன் ஒரே தட்டை ரெண்டு தடவை உடைப்பானா? மாட்டேன்னுட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அரிச்சந்திரனுக்கு அண்ணன் மாதிரி அம்மாகிட்ட, "தட்டு தானா உடைஞ்சதுக்கா, கணக்குல வராது"ன்னு போட்டுக் குடுத்தீங்க. கணக்குல வராததுனால நான் கணக்குக்குப் போகணும்! என் அக்கா என்னடான்னா இன்னைக்குக் காலையில இருந்து, "பறவையெல்லாம் பயப்படாம வாங்க, எங்க தம்பி சுடப்போறான்"னு ஜன்னலைத் திறந்து வச்சுக் கூவுறா. சொந்த மருமகனுக்காக ஒரே ஒரு களிமண் தட்டை விட்டுக்கொடுக்க மனசு வராத நீங்க எல்லாம் ஒரு தாய்மாமனா? தட்டு விஷயத்தைத் தட்டிக் கேட்கிறேன்: இன்னைக்கே அம்மாகிட்ட போய், "அவன் சுட்டுத்தான் உடைஞ்சது"ன்னு சொல்லணும். இல்லேன்னா அடுத்த பல்செட்டு எங்க சிரிக்கும்கிறதுக்கு நான் பொறுப்பேற்க முடியாது.

வயதில் சிறியவனாகையால் ஆசீர்வதிக்க இயலவில்லை. வணங்குவதற்கோ மனம் வரவில்லை. எனவே வெறுமனே முடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அநீதி இழைக்கப்பட்ட மருமகன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிச்சு எடுத்துட்டு மாடிப்படி ஏறும்போது ஒரு விஷயம் உறுத்திச்சு, பாதிப் படியில உட்கார்ந்து எழுதுறேன். அந்த "டமார்" பக்கத்து மேடைப் பெரியவர் அவரோட தட்டைச் சுட்ட சத்தம். நான் அந்தத் தடவை துப்பாக்கியோட சேஃப்டி லாக்கை எடுக்கவே மறந்துட்டேன், என் துப்பாக்கி வெடிக்கவே இல்ல. நான் அந்தப் பக்கம் ஆடிக்கிட்டு இருந்தப்ப நீங்க துப்பாக்கியைத் திறந்து, முழுசா இருந்த தோட்டாவை எடுத்து, யாரும் பார்க்காம பாக்கெட்ல போட்டுக்கிட்டதை ஓரக்கண்ணால பார்த்தேன். அம்மாகிட்ட "தானா உடைஞ்சது"ன்னு மட்டும்தான் சொன்னீங்க. "உன் பையன் சுடவே இல்ல"ன்னு சொல்லல. அதனால அம்மாகிட்ட எதுவும் போய்ச் சொல்ல வேண்டாம், நான் கணக்குக்கே போயிடறேன். அக்காவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க மாமா, ப்ளீஸ். தெரிஞ்சா என் கல்யாணப் பத்திரிகையிலயே போட்டுடுவா.