வடிவு நீட்டிய கை

ஒரு காட்டில் செவலை என்றொரு பசு மேய்ந்துகொண்டிருந்தது. அது பாட்டுக்கு மேயட்டும். நாம் அதன் மூக்குக்குள் போவோம், கதை அங்கேதான் நடக்கிறது.

மூக்குக்குள் செல்கள் வரிசையாக வீடு கட்டிக் குடியிருந்தன. அந்தத் தெருவில் ஒரு பழக்கம். பக்கத்து வீட்டாரின் கையைப் பிடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், சமைக்கும்போதும் தூங்கும்போதும் விடக் கூடாது. அந்தப் பிடியில்தான் தெருவே நின்றது.

மூலை வீட்டு வடிவுக்கு மட்டும், பாவம், ஒரு கை சும்மா இருந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம் போன வாரத் தும்மலில் போய்ச் சேர்ந்துவிட்டார். நீட்டிய கையை மடக்க மனசில்லாமல் அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மேலெல்லாம் முள்ளாய் ஓர் உருண்டை ஆள் காற்றில் வந்து இறங்கினான். அவன்தான் வைரஸ்.

தெருக் காவலர் வெள்ளையணு வீராசாமி நாற்காலியை விட்டு எழாமலே, "விண்ணப்பம் மூணு நகல், போட்டோ ரெண்டு" என்றார்.

"இதோ எடுத்துட்டு வந்துடறேன் சார்" என்று பவ்யமாகப் பின்வாங்கியவன் நேரே வடிவின் வாசலுக்குப் போனான்.

"பக்கத்து வீடு காலியாமே அக்கா? கையக் கொடுங்க."

அவன் உள்ளங்கையை நீளமான சட்டைக்கை மூடியிருந்தது. வடிவின் விரல் பட்டதும் அது ஒதுங்கிக்கொண்டது. உள்ளே இருந்த கை அச்சு அசலாகப் பக்கத்து வீட்டுக் கை மாதிரியே பொருந்தியது. சொல்லப்போனால், பொன்னுரங்கத்தைவிடக் கெட்டியாகவே பிடித்தான். வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எத்தனை நாளாச்சு தம்பி, ஒருத்தர் கையப் பிடிச்சு!"

அவன் மேலிருந்த மற்ற முட்கள் அந்தச் சாக்கில் கதவைத் திறந்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் அவள் அடுப்படியில் அவனைப் போலவே நாற்பது பேர் வெந்து இறங்கினார்கள்.

"வீராசாமியண்ணே, ஓடி வாங்க!" என்று கத்தினாள் வடிவு.

"புகார்ல எதிராளி கையெழுத்து வேணுமேம்மா?"

நாற்பது பேரும் மறுக்காமல் போட்டுக் கொடுத்தார்கள். வீராசாமி முத்திரை குத்தி முடிப்பதற்குள் வடிவின் வீடு வெடித்துவிட்டது. எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஆத்திரமாக வரும்.

தெருச் சங்கம் அவசரமாகக் கூடியது. "இனிமே யாரும் யாருக்கும் கை கொடுக்கக் கூடாது!" என்றார் தலைவர். எல்லாரும் கையை உதறிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். நாற்பது பேரும் வீடு வீடாகப் போனார்கள். பிடிக்க ஒரு கையும் இல்லை, ஒரு கதவும் திறக்கவில்லை. தெரு கொண்டாடியது.

அப்போது செவலை தும்மியது.

தலைவர், சங்கம், கொண்டாட்டம் எல்லாம் புல்லில் போய் விழுந்தன. நாற்பது பேரும் கூடவே விழுந்து, அங்கே மேய்ந்த அடுத்த மாட்டின் மூக்கில் ஏறிக்கொண்டார்கள். எதையோ பிடித்துத் தப்பிய வீராசாமி, 'அந்நியர் நுழைவு: இல்லை' என்று அறிக்கை எழுதினார்.

வெறும் தரையில் புதிதாக ஒரு செல் முளைத்தது. முளைத்ததும் கையை நீட்டியது.

"ஏம்மா, கை கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவு தெரியாதா?"

"அப்ப நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது அண்ணே?"

வீராசாமி அந்தக் கையில் ஒரு விண்ணப்பத்தை வைத்தார்.

நீதி: கை கொடுத்தால் வீடு போகும், கொடுக்காவிட்டால் தெருவே போகும். ஆகவே விண்ணப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த தும்மல்வரை தாங்கும்.