தாமரைச் சிகரத்தில் வீடு வாங்கும் முறை

மனிதகுலம் குகையை விட்டு வெளியே வந்த நாள் முதல் வீடு வாங்கத் தெரியாமலேயே வீடு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த இருளைப் போக்க ஒருவர் தோன்றினார். அவர் ஈப்போவில் தோன்றியது மலேசியாவின் பேராக் மாநிலம் செய்த பாக்கியம். பெயர் உடையப்பன். பெயருக்கு முன்னால் 'இல்லவியல் வித்தகர்' என்று போட்டுக்கொள்வார். பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "அடுத்தவன் குடுத்து வாங்குனா அது பட்டமா?" என்று திருப்பிக் கேட்டார். கேட்டவர் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் எங்கள் குடியிருப்பாளர் நற்பணி மன்றத்தின் செயலாளர். வித்தகருக்குப் பாராட்டுரை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. 'மிகையின்றி, நடந்ததை மட்டும் எழுதுக' என்பது மன்றத்தின் தீர்மானம். அப்படியே எழுதுகிறேன்.

அவரை நாங்கள் முதன்முதலில் தரிசித்தது ஈப்போவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். 'கனவு இல்லம்: தேர்வும் பராமரிப்பும்' என்பது அன்றைய உரை. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் நாங்கள்தான், பாலத்தடித் தோட்டத்துக்காரர்கள். பீடோர் போகிற பழைய தார்ச் சடக்கில் இருந்த எங்கள் தோட்டத்தில் கித்தா எனும் ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையையும் வெட்டி நிலத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் மிச்சமிருந்தவற்றைத் தீபாவளிக்குள் காலி செய்யும்படி நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆகவே எங்களுக்குக் கனவு இல்லம் கொஞ்சம் அவசரமாகத் தேவைப்பட்டது.

என் பக்கத்து நாற்காலிகளில் பத்துமலையும் அவன் மனைவி நவமணியும். அவன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். அவள் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இருவரும் லயத்தில் பிறந்தவர்கள். லயத்தில் சுவரும் நிர்வாகத்துடையது, சுவரில் அடிக்கிற ஆணிக்கும் அனுமதி வேண்டும்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாண்ணே. எங்க அம்மா அப்பா படம் இன்னும் பெட்டிக்குள்ளதான் இருக்கு. எவன்கிட்டயும் கேக்காம ஒரு ஆணி அடிச்சு மாட்டணும். அவ்ளோதான்" என்றாள் நவமணி.

பேராசை பிடித்த பெண் என்று வித்தகர் போன்ற பெரியவர்கள் நினைக்கக்கூடும். நான் நினைக்கவில்லை.

வித்தகர் மேடையேறினார். "மழை நாள்ல வீடு பாக்கப் போகாதீங்க" என்று ஆரம்பித்தார். "பொண்ணு பாக்கப் போற எடத்துல பொண்ணு அழுதுகிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? வீடும் அப்படித்தான்லா. வெயில்ல போய்ப் பாருங்க. சிரிச்ச மொகமா இருக்கும்."

மண்டபம் கைதட்டியது.

"அக்கம்பக்கத்துல விசாரிக்காதீங்க. விசாரிச்சா பொறாமைதான் பேசும். செவுத்தத் தட்டிப் பாக்காதீங்க. பைப்பத் தொறந்து பாக்காதீங்க. சந்தேகம் நொழஞ்ச வீட்டுல லட்சுமி நொழைய மாட்டா."

உலகில் இதுவரை எழுதப்பட்ட வீட்டு ஆலோசனைகள் எல்லாம் இதற்கு நேர் எதிராகச் சொல்கின்றன. மழையில் போய்ப் பார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனி, குழாயைத் திற, பக்கத்து வீட்டில் கேள் என்கின்றன. அவற்றை எழுதியவர்கள் யாரும் ஒரு வீட்டைக்கூட விற்றதில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு திரையில் ஒரு படம் வந்தது. நீல வானம், வெள்ளை வீடுகள், சைக்கிளில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. 'தாமான் புன்சாக் செரோஜா'. மலாயில் தாமான் என்றால் குடியிருப்பு, புன்சாக் என்றால் சிகரம், செரோஜா என்றால் தாமரை. தாமரை எங்கே பூக்கும் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை.

நவமணி கையைத் தூக்கினாள். "சார், இது எங்க தோட்டத்துப் பள்ளம்தானே? சின்னதுல நாங்க அங்கதான கெலி மீனு புடிப்போம்?"

வித்தகர் கோபப்படவில்லை. மகான்கள் படுவதில்லை. "தங்கச்சி, நீங்க சொல்ற பள்ளம் பழைய மேப்புல இருக்கு. புது மேப்புல இது புன்சாக்."

லாரி லாரியாக மண் கொட்டினாலும் சட்டென்று உயராத நிலம் ஒரே ஒரு பெயர்ப்பலகையில் உயர்ந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் பிடிக்காத ஆள் எங்களில் ஒருவர்கூட இல்லை. இருந்தும் தலையாட்டினோம். நம் தோட்டத்து மண், நம் பெயரில் கிராண்ட் பத்திரம்! அதற்கப்புறம் வேறெதுவும் காதில் விழவில்லை.

"இன்னொரு நல்ல சேதி. நானும் அங்கதான் குடி வாரேன். உங்க பக்கத்து வீட்டுக்காரன் நான்!" என்றார் வித்தகர்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாகக் 'கேள்வி நேரம்' என்றிருந்தது. ஆனால் தோட்டத்துக்கு ஒரு பொன்னாடை, கோயிலுக்கு ஒன்று, மாதர் பிரிவுக்கு ஒன்று, இளைஞர் பிரிவுக்கு ஒன்று என்று போர்த்திக்கொண்டே போனதில் அந்த நேரம் முடிந்துவிட்டது. கடைசிப் பொன்னாடையைப் போர்த்தும்போது வித்தகரின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. நம் இனத்தில் சந்தேகம் கேட்பதற்கு முன் மரியாதை செய்துவிடுவோம். மரியாதை செய்த பிறகு எப்படிக் கேட்பது?

பத்துமலை வீடு பார்க்கப் போன நாளில் நல்ல வெயில். வீடு சிரித்த முகமாக இருந்தது. வாங்கிவிட்டான்.

புதுமனை புகுவிழாவுக்கு வித்தகரே சிறப்பு விருந்தினர். பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்காரர் தேவன் ஒரு பசுவை ஓட்டி வந்தார். பசு முதலில் நுழைய வேண்டும் என்பது சம்பிரதாயம். அது வாசல்வரை வந்து, தரையை முகர்ந்து பார்த்து, பின்வாங்கிச் சடக்கில் போய் நின்றுகொண்டது. வாழைப்பழம் காட்டினார்கள். பழத்தைத் தின்றுவிட்டு அங்கேயே நின்றது.

"இது மழைக்கு மேடு பாத்து நிக்கிற மாடுங்க. பள்ளத்துக்கு எறங்காது" என்றார் தேவன்.

"பசுவுக்கு டைல்ஸ் பழக்கமில்ல" என்று திருத்தினார் வித்தகர். முன்னால் இரண்டு பேர் இழுக்க, பின்னால் இரண்டு பேர் தள்ள, முன்னங்கால்கள் மட்டும் வாசற்படிக்குள் வந்தன. "பாதி பசு போதும்லா. செவுரு ஒட்டுன லிங்க் ஹவுசுக்கு அது கணக்கு" என்று அறிவித்தார். ஐயர் தலையசைத்தார். அவருக்கு இன்னும் மூன்று வீடு பாக்கியிருந்தது.

அப்புறம் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி வழிந்தது. குலவை ஓய்ந்தபோது, வழிந்த பால் அடுப்படியை விட்டு இறங்கிக் கூடத்துக்கு வந்து, டிவி வைக்கிற மூலையில் போய்த் தேங்கி நின்றது. தரை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அற்பர்கள் சொல்லலாம்.

"பாத்தீங்களா, செல்வம் வந்து தங்குது!" என்றார் வித்தகர். எல்லாரும் அந்த மூலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நவமணி பெட்டியைத் திறந்து படத்தை எடுத்து வந்தாள். ரப்பர் பாலுக்கு மரம் சீவியே தேய்ந்துபோன இருவர், ஸ்டூடியோ நாற்காலிகளில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பத்துமலை சுத்தியலைக் கையில் எடுத்தான்.

"நிறுத்துங்க!" என்று வித்தகர் பாய்ந்தார். "பராமரிப்புல முதல் பாடமே இதுதான். வாரண்டி முடியிற வரைக்கும் ஆணி அடிக்கக் கூடாது. செவுரு விரிசல் விட்டா கம்பெனி பொறுப்பில்ல."

நவமணி படத்தைத் தரையில் வைத்துச் சுவரில் சாய்த்தாள். பெற்றவர்கள் லயத்துத் தரையில் இருந்தார்கள், இப்போது டைல்ஸ் தரையில் இருக்கிறார்கள். முன்னேற்றம்தான்.

தீபாவளிக்கு முந்திய வாரம், ஒரு பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் பெய்ய வேண்டிய மழையும் வழி தவறி எங்களிடம் வந்துவிட்டதோ என்று தோன்றியது. அந்நேரம் நான் பத்துமலை வீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். குளியலறையில் தண்ணீர் வெளியே போகிற துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. அது ஒருவழிப் பாதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்.

நவமணி வித்தகருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், வீட்டுக்குள்ள தண்ணி வருது!"

"எந்தப் பக்கமா வருது?"

"எல்லாப் பக்கமும் சார்!"

"அப்ப நல்ல காத்தோட்டமான வீடு."

"சார், கட்டில் நனையுது!"

"பதட்டப்படாதீங்க தங்கச்சி. மொதல்ல கதவச் சாத்துங்க. வெளிய தெரிஞ்சா தாமானுக்கே மதிப்பு கொறஞ்சிடும். போட்டோ எடுக்காதீங்க, வாட்சாப்புல போடாதீங்க. மழ நின்னதும் நல்லா ஒரு மொப்பு போட்டு விடுங்க. நானும் பக்கத்து வீட்டுக்காரன்தான், எனக்கும் கவல இருக்கும்ல?"

இடர்க்காலத்தில் இவ்வளவு தெளிவான பராமரிப்புக் குறிப்பை நான் கேட்டதில்லை. நாங்கள் கதவைச் சாத்தினோம். கதவுக்கு உள்ளே இருந்த தண்ணீர் வெளியே போக முடியாமல் இன்னும் உயர்ந்தது.

டிவி மூலையில் ஏதோ துள்ளியது. பத்துமலை பழக்கதோஷத்தில் குனிந்து இரண்டு கையாலும் அமுக்கினான். நல்ல கொழுத்த கெலி மீன். அவன் அதைப் பார்த்தான். அது அவனைப் பார்த்தது. எங்களில் யார் அந்த இடத்துக்குப் புதியவர் என்பதில் அதற்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. அதை ஒரு வாளியில் போட்டான்.

அப்போதுதான் நவமணி அலறினாள். சுவரோரம் சாய்த்து வைத்த படம் முகம் குப்புற மிதந்துகொண்டிருந்தது. அள்ளி எடுத்தாள். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து அம்மாவின் முகம் பாதி கரைந்திருந்தது. துண்டால் ஒற்றி ஒற்றிப் பார்த்தாள். போன முகம் போனதுதான். பிறகு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினாள்.

"சுத்தியலக் குடுங்க."

"வாரண்டி..." என்றான் பத்துமலை.

"மயிரு வாரண்டி. குடுங்க!"

அடித்தாள். ஒரே அடியில் ஆணி உள்ளே போய்விட்டது. சுவர் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை. கூரைக்குப் பக்கத்தில், தண்ணீர் எட்டாத உயரத்தில், படத்தை மாட்டிவிட்டு அங்கேயே நின்று விம்மினாள். எனக்கும் அழுகை வந்தது. செயலாளர் அழலாமா என்பது பற்றி மன்ற விதிகளில் ஒன்றும் இல்லை.

சடக்குக்கு வந்தபோது தாமான் முழுவதும் அங்கே நின்றிருந்தது. பசு நின்ற அதே இடம்தான். அங்கும் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. எல்லாரும் மேட்டைப் பார்த்து நடந்தோம். மேட்டில் பழைய துரை பங்களா ஒன்றுதான் இருக்கிறது. புதுச் சாயம் பூசி, வாசலில் விநாயகர் வைத்து, பளிச்சென்றிருந்தது. வராந்தாவில் வித்தகர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

பங்களாவை வாங்கிப் புதுப்பித்தது யார் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்து வீடு என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. பக்கம்தான், கொஞ்சம் மேலே.

"வாங்க வாங்க, எல்லாரும் மேல வாங்க. செருப்ப மட்டும் கீழ விட்டுடுங்க" என்றார்.

பத்துமலை வாளியை அவர் காலடியில் வைத்தான். "பக்கத்து வீட்டுக்காரங்க சார். வெறுங்கையோட வரக் கூடாதுல்ல. எங்க ஹால்ல புடிச்சது."

மீன் ஒரு தடவை வாலை அடித்தது. கோப்பிக்குள் சேறு தெறித்தது.

நவமணி அண்ணாந்து பங்களாவின் கூரையைப் பார்த்தாள். "இங்க ஒழுகாதா சார்?"

கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்லும் பலவீனம் மகான்களுக்கும் ஒரு நொடி வந்துவிடுகிறது. "ஒரு சொட்டு ஒழுகாது தங்கச்சி" என்றார் பெருமையாக. "வாங்கறதுக்கு முந்தி பெரிய மழையில நானே வந்து நின்னு பாத்தேன்."

அன்று இரவு அந்த வராந்தாவில்தான் படுத்தோம். அதற்கு நன்றி சொல்லும் வகையிலும், சிகரத்தின் முதலாம் ஆண்டு நிறைவை ஒட்டியும், இந்தப் பாராட்டுரையை எழுதும் பணி எனக்கு அளிக்கப்பட்டது. அதை இப்படி முடிக்கிறேன்:

'இந்தப் பங்களாவில் வரிசையாகப் பல வெள்ளைக்காரத் துரைகள் இருந்தார்கள். எங்கள் பெற்றோரைத் திட்டினார்கள், உதைத்தார்கள், பொழுது விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிறுத்தினார்கள். ஆனால் கீழே இருந்த பள்ளத்தில் அவர்கள் ஒரு லயம்கூடக் கட்டவில்லை. அங்கே மனிதர்களைக் குடிவைக்கக் கூடாது என்று நினைத்தார்கள். எங்களை அந்த அளவுக்காவது மனிதர்கள் என்று எண்ணி அவர்கள் செய்துவிட்ட பிழையை, நம் இனத்தவரான வித்தகர் உடையப்பன் அவர்கள் திருத்தியிருக்கிறார்.'

பொன்னாடை தயாராக இருக்கிறது. சிகரத்தில் என் வீட்டு அலமாரியில்தான் வைத்திருந்தேன். இன்னும் ஈரம் காயவில்லை.